கூரைக் கண்ணாடியும் ஈயத் தகடும்

எங்கள் பூர்வீக வீட்டு அடுக்களையின் ஓட்டுக் கூரையில், அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல் சற்றுத் தள்ளி, ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதிந்திருந்தது. புகையேறிக் கறுத்த கைமரங்களுக்கும் ரீப்பர்களுக்கும் நடுவே அந்த ஓர் ஓட்டின் வழியாக இறங்கிய வெளிச்சம், காலையில் மேற்குச் சுவரிலே தொடங்கி, சுவரை விட்டிறங்கித் தரையில் மெல்ல ஊர்ந்து, அம்மிக்கல்லைத் தொடும் வேளையில் உலையில் அரிசி விழுந்திருக்க வேண்டும் என்பது என் பாட்டியின் கணக்கு. கூடத்தில் மாட்டியிருந்த கடிகாரத்தை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம், திண்ணை பூச வந்த கொத்தனார் ஒருவர் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "இந்த இருட்டிலே எப்படிம்மா சமைக்கிறீங்க?" என்று அனுதாபப்பட்டதன் பலனாக, அந்தக் கண்ணாடி ஓடும் அதைச் சுற்றியிருந்த ஏழெட்டு மண் ஓடுகளும் கீழே இறங்கின, அந்த இடத்தில் மரச்சட்டம் ஒன்றை அடித்து, அதன் மேல் இரண்டடிக்கு இரண்டடிக் கண்ணாடிப் பலகையை வைத்து, நாலா பக்கமும் சிமெண்டுச் சாந்தை மலை மலையாக அப்பினார்கள். அடுக்களை கல்யாண வீடு போலப் பிரகாசித்தது. ஐப்பசி பிறந்து முதல் மழை இறங்கிய அன்று, ரசச் சட்டியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. மறுநாள் வெயில் அடித்ததும் இன்னும் கொஞ்சம் சிமெண்டு பூசினார்கள். அடுத்த மழைக்கு இரண்டு இடத்தில் சொட்டிற்று. மூன்றாம் தடவை தாரைக் காய்ச்சி ஊற்றினார்கள். தாரும் சேர்ந்து சொட்டிற்று.

கடைசியில், ஓடு பிரித்து மேய்வதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட கிழவர் ஒருவர் வந்தார். அவர் சிமெண்டைக் கேட்கவில்லை. ஒரு குடம் தண்ணீரும் ஒரு செம்பும் கேட்டார். பாட்டியைக் கீழே அண்ணாந்து நிற்கச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறி, முதலில் கண்ணாடிக்குக் கீழேயிருந்த ஓடுகளில் ஒரு செம்பு ஊற்றி, "ஆத்தா, வருதா?" என்றார். "வரலையப்பா." பிறகு கண்ணாடியின் மேலேயே ஊற்றினார், வரவில்லை. இடப்புறம், வலப்புறம், வரவில்லை. கடைசியாகக் கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே, முகட்டுப் பக்கத்து ஓடுகளில் ஊற்றிவிட்டு அவர் கேட்பதற்கு முன்பே, "வருது, வருது, என் தலையிலேயே வருது!" என்ற சத்தம் கேட்டது. முகட்டிலிருந்து ஓடிவந்த தண்ணீர், எழும்பி நின்ற மரச்சட்டத்தில் முட்டி அணைக்கட்டில் தேங்குவதுபோல் தேங்கி, சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் மயிரிழையளவு விட்டிருந்த இடைவெளியைக் கண்டுபிடித்து உள்ளே இறங்கியிருக்கிறது. கிழவர் சிமெண்டு முழுவதையும் கொத்தி எறிந்துவிட்டு, ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் பிளந்து விரித்து, அதன் மேல் ஓரத்தை மேல் வரிசை ஓடுகளுக்கு அடியில் செருகி, பக்க ஓரங்களை மேல்நோக்கி மடித்துப் பக்கத்து ஓடுகளுக்கு அடியில் கொடுத்து, கீழ் ஓரத்தை மட்டும் கீழ் வரிசை ஓடுகளின் மேலே படியும்படி தட்டிவிட்டு இறங்கினார். அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

அந்தத் தகரத் துண்டுக்கு இங்கிலீஷ்காரர்கள் 'ஃபிளாஷிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும், அதற்குப் பல நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது என்பதும் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. நாம் அதை ஓரத் தகடு என்று சொல்லிக்கொள்ளலாம். கூரைச் சாளரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாகக் கண்ணாடியின் பெருமையையே பேசுகிறார்கள். கண்ணாடி ஒருபோதும் ஒழுகியதில்லை, அதன் ஓரம்தான் ஒழுகியது என்பதையும், ஆகவே கூரையில் வெளிச்சம் புகுந்த கதை முழுவதும் நாலு விரற்கடை அகலமுள்ள அந்த ஓரத்தின் கதைதான் என்பதையும் அவர்கள் கவனிப்பதாகத் தெரியவில்லை.

பூர்வகாலத்தில் இந்த ஓரம் ஒரு பிரச்சினையாகவே இல்லை. ஏனென்றால் மழையைத் தடுக்க யாரும் பிரயத்தனப்படவில்லை. ரோமாபுரியில் ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் காலத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டி முடிந்த பாந்தியன் ஆலயத்தின் கும்மட்டத்துக்கு 142 அடி விட்டம். அதன் உச்சியில் ஏறக்குறைய 27 அடி அகலத்தில் வட்டமான திறப்பு ஒன்று ஆகாயத்தை நோக்கி வாய் பிளந்து நிற்கிறது. கட்டடத்துக்குள் பகல் வெளிச்சம் வருவதற்கு அது ஒன்றுதான் பிரதான வழி. மழை பெய்தால் மழை உள்ளே விழும். விழுந்த ஜலம் ஓடுவதற்காகத் தளத்தின் நடுப்பகுதியைச் சற்று மேடாக்கி, பளிங்குக் கற்களில் சிறு சிறு துளைகளும் இட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 1900 வருஷங்களாக அந்த ஏற்பாடு பழுதில்லாமல் நடந்துவருகிறது.

நம்முடைய முற்றங்களும் அதே சித்தாந்தத்தைச் சேர்ந்தவைதாம். செட்டிநாட்டு வளவிலும், தஞ்சைப் பக்கத்து அக்கிரகார வீட்டிலும், யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் வெளிச்சம் வரவேண்டிய இடத்தில் கூரையே கிடையாது. நான்கு தாழ்வாரங்களின் கூரைகளும் உட்புறமாகச் சரிந்து நான்கு மூலைகளிலும் ஒன்றையொன்று சந்திக்கின்ற கூடல்வாய்களில்தான் அந்த வீடுகளின் மழைக்காலக் கவலை முழுவதும் குவிந்திருக்கும். ஓட்டை எத்தனை ஒழுங்காக அடுக்கினாலும், இரண்டு சரிவுத் தண்ணீரும் ஒருமித்து விழும் அந்த மூலையில் தகரத்தினாலோ செம்பினாலோ ஒரு வாய்க்கால் தகடு போடாமல் தீராது. மழை நாளில் அந்தத் தகட்டின் நுனியில் யானைத் துதிக்கைபோல் கொட்டும் ஜலத்தை அண்டாவில் பிடித்துக்கொள்வது ஒரு வழக்கம். ஓரத் தகடு என்ற ஒன்று நம் வீடுகளுக்கு வந்தது முதன்முதலில் அந்தக் கூடல்வாயில்தான் என்று நான் எண்ணுகிறேன். அடுக்களைக்கு வந்த கிழவருக்கு டின்னை எப்படி மடிக்கவேண்டும் என்பது கைப்பாடமாக இருந்ததற்கும் அதுவே காரணமாயிருக்கும்.

ஆனால் வருஷத்தில் பாதி நாள் குளிரும் பனியும் மூடிக்கிடக்கும் வடதேசங்களில் முற்றம் என்ற சௌகரியம் எல்லோருக்கும் ஏற்றதன்று. அங்கே வெளிச்சம் வரவேண்டும், குளிர் வரக்கூடாது, ஜலமும் வரக்கூடாது. ஒரு துவாரத்தைத் திறந்து உடனே மூடவேண்டும். புகைபோக்கி என்ற செங்கல் தூண் கூரையைக் கிழித்துக்கொண்டு வெளியே எழும்பிய நாள் முதலே அந்தத் தேசத்துக் கைவினைஞர்களுக்கு இந்தச் சங்கடம் பழகியிருந்தது. எழும்பி நிற்கும் எதுவும் கூரைத் தண்ணீருக்குக் குறுக்கே ஒரு தடை. புகைபோக்கிக்குச் செய்த பரிகாரத்தையே பிற்காலத்தில் கூரைச் சாளரத்துக்கும் செய்தார்கள். அந்தப் பரிகாரத்தின் பெயர் ஈயம்.

உலோகங்களில் ஈயத்தைப் போல் சாதுவான ஒன்று இல்லை. 327 பாகை சென்டிகிரேடிலேயே உருகிவிடும், விறகடுப்பே போதும். மணல் பரப்பிய மேடையில் ஊற்றி மரக்கட்டையால் வழித்தால் தகடாகிவிடும். அந்தத் தகட்டை மரச்சுத்தியால் தட்டித் தட்டி, அப்பளமாவைப் பிசைந்து வளைப்பதுபோல, எந்த மூலைக்கும் எந்த வளைவுக்கும் கிழியாமல் படியவைக்கலாம். காற்றுப்பட்டதும் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்து, அதற்குப் பிறகு துருப்பிடிக்காமல் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும். லத்தீன் பாஷையில் ஈயத்துக்கு 'ப்ளம்பம்' என்று பெயர். 'பிளம்பர்' என்ற சொல் அதிலிருந்து வந்தது. இன்று குழாய் ரிப்பேருக்கு வருகிறவரை அந்தப் பெயரால் நாம் அழைத்தாலும், லண்டன் நகரத்து ஈய வேலைக்காரர்கள் 1365இல் தங்களுக்கென்று தொழில் விதிகள் பெற்ற நாளில் அவர்களுடைய வேலையில் குழாயைப் போலவே கூரையும் ஒரு பாதி. தகட்டின் கனத்தை அவர்கள் அங்குலத்தில் சொல்வதில்லை; சதுர அடிக்கு இத்தனை ராத்தல் என்று எடையில் சொல்வார்கள். நாலு ராத்தல் ஈயம், ஐந்து ராத்தல் ஈயம் என்ற அந்தப் பரிபாஷை வழங்கிய அளவே இன்றைக்கும் அங்கே தகட்டின் இலக்கமாக நிலைத்திருக்கிறது.

ஈயத்தின் அருமையை இங்கிலாந்து அறிந்துகொண்ட விதம் கொஞ்சம் விபரீதமானது. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி அரசன் சந்நியாசி மடங்களைக் கலைத்தபோது, அரசாங்க ஆட்கள் முதலில் கைவைத்த பொருள்களில் ஒன்று கூரை ஈயம். கூரை மரங்களையே வெட்டி எரித்து, அந்த நெருப்பிலேயே ஈயத்தை உருக்கி வார்த்து எடுத்துச் சென்றார்கள். சுவர்களை இடிக்கவேண்டிய சிரமம் பல இடங்களில் அவர்களுக்கு ஏற்படவில்லை. மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது.

ஒரு கூரைச் சாளரத்தைச் சுற்றி ஈயம் போடுகிற வரிசைக் கிரமம், நம் ஊரில் தென்னங்கீற்றோ வைக்கோலோ வேய்கிறவரின் கிரமத்தோடு அப்படியே ஒத்திருப்பதைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். கீற்று வேய்கிறவர் இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போகிறார். மேல் கீற்றின் நுனி கீழ்க் கீற்றின் தலையை மூடவேண்டும் என்பதே அவர் சாஸ்திரம். ஈய வேலைக்காரரும் முதலில் சாளரத்தின் கீழ்ப்புறத்தில், இடுப்பில் கட்டும் முன்றானை போன்ற ஒரு தகட்டைக் கீழ் ஓடுகளின் மேல் படியவிடுகிறார். அடுத்தபடியாக இரண்டு பக்கங்களிலும், ஒவ்வொரு ஓட்டு வரிசைக்கும் ஒன்றாக, 'ட' எழுத்தைப் போல் மடித்த சிறு தகடுகளை ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகிக்கொண்டே மேலே ஏறுகிறார். கடைசியில் தலைப்புறத்தில், மேலேயிருந்து வரும் வெள்ளத்தை வாங்கி இரு புறமும் பிரித்துவிடும் ஒரு சிறு வாய்க்காலை அமைத்து, அதன் மேல் விளிம்பை ஓடுகளுக்கு அடியில் நன்றாக உள்ளே தள்ளிவிடுகிறார். சுவரோ சட்டமோ எழும்பி நிற்கும் பக்கத்தில் தகடு அரை அடி உயரம் ஏறவேண்டும் என்பது வழக்கம். கூரையில் பட்டுத் தெறிக்கும் சாரல் அந்த உயரத்தைத் தாண்டாது என்பது நெடுநாள் அனுபவம். இந்த வேலை முழுவதிலும் பசையென்று ஒன்று இல்லை. மேலே இருப்பது கீழே இருப்பதை மூடுகிறது. ஜலம் தன் சுபாவப்படி கீழே போகிறது.

பசை ஏன் உதவாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கே போதும். பத்தடி நீளமுள்ள ஈயத் தகடு, பின்னிரவுக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் நடுவில் 40 பாகை வேறுபாடு ஏற்படும்போது, ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீளமுள்ள இரும்பு ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மரமோ சூட்டுக்கு அதிகம் அசைவதில்லை என்றாலும் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். இவ்வாறு தினமும் ஆளுக்கொரு கணக்கில் நடக்கிற நாலு பேரைச் சிமெண்டுச் சாந்து என்ற விலங்கில் பூட்டினால், விலங்கு உடையத்தானே செய்யும்? எங்கள் அடுக்களையில் உடைந்தது அதுதான். கை தேர்ந்த ஈய வேலைக்காரர் இதனாலேயே ஒரே துண்டில் ஐந்தடிக்கு மேல் தகடு போடுவதில்லை. போட்ட தகட்டையும் தலைப்பில் மட்டும் பிடித்துவிட்டு, மற்ற பக்கங்களை அசைந்துகொள்ளும்படி விட்டுவிடுவார். இரு புறமும் ஆணியடித்துப் பலமாக்கப் பார்க்கும் புதிய கையாளின் தகடு சில வருஷத்தில் நடுவில் சுருக்கம் விழுந்து வெடிக்கும்.

ஈயம் தயாராயிருந்தும், கூரைச் சாளரம் வெகுகாலம் செல்வர் வீட்டு விஷயமாகவே இருந்தது. கண்ணாடியின் விலை ஒரு காரணம். அதன் மேல் இருந்த வரி மற்றொரு காரணம். இங்கிலாந்தில் 1696இல் ஜன்னலுக்கு வரி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கண்ணாடிக்கே தனி வரியும் வந்து சேர்ந்தது. வெளிச்சத்துக்கு வரி போட்ட அரசாங்கம் அது ஒன்றுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. கண்ணாடி வரி 1845இலும் ஜன்னல் வரி 1851இலும் ஒழிந்தன; அந்த 1851ஆம் வருஷத்திலேயே லண்டன் ஹைட் பார்க்கில், பொருட்காட்சி ஒன்றுக்காக, ஸ்படிக மாளிகை என்று பெயர்பெற்ற, உலகம் அதுவரை காணாத கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பி நின்றது.

அதைக் கற்பனை செய்தவர் சிற்ப சாஸ்திரம் கற்றவர் அல்லர், ஒரு தோட்டக்காரர். ஜோசஃப் பாக்ஸ்டன் என்பவர் 1826இல் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக அமர்ந்து, உஷ்ண தேசத்துச் செடிகளுக்காகக் கண்ணாடி வீடுகள் கட்டத் தொடங்கினார். அவற்றில் பெரியது 1840இல் முடிந்தது. 277 அடி நீளம், 123 அடி அகலம். அதற்குப் பிறகு தென்னமெரிக்காவிலிருந்து வந்த பிரம்மாண்டமான விக்டோரியா அல்லியை 1849 நவம்பரில் பூக்கவைத்து, அதற்கென்று தனியாக ஒரு கண்ணாடி வீடும் கட்டினார். செடி வளர்ப்பவருக்குக் கூரையைப் பற்றிக் கொத்தனாருக்குத் தெரியாத ஒரு விஷயம் தெரிந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே பெய்யும் மழை பாதி சத்துரு. மற்றப் பாதி உள்ளேயே இருக்கிறது. செடிகளின் மூச்சிலும் ஈர மண்ணிலும் எழும்பிய ஆவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு, கீழே இலைகளின் மேல் சொட்டி அவற்றை அழுகச் செய்யும். வானம் வெளுத்திருக்கும் நாளிலும் ஒழுகும் கூரையைப் பார்த்துத் திகைத்தவர்கள் எல்லோரும் இந்த உள் மழையைத்தான் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள்.

பாக்ஸ்டன் இரண்டு சத்துருவையும் ஒரே மரத்துண்டால் சமாளித்தார். அவருடைய கூரை சமதளமாகவோ ஒரே சரிவாகவோ இல்லாமல், உழுத வயலைப்போல் மேடும் பள்ளமுமாக, எட்டடிக்கு ஒரு பள்ளம் வீதம் மடிந்து மடிந்து சென்றது. மேடு பள்ளக் கண்ணாடிக் கூரை என்ற யோசனை அவருக்கு முன்பே லௌடன் என்ற தோட்டக்கலை எழுத்தாளர் சொன்னது. அதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது பாக்ஸ்டன். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு மரவிட்டம் கிடந்தது. அதன் மேல் முகத்தில் அகலமாக ஒரு சால் வெட்டியிருந்தது. அது மழைத் தண்ணீருக்கு. இரு பக்கங்களிலும் கண்ணாடி விளிம்புக்கு அடியில், விரல் நுழையும் அளவில் ஒவ்வொரு சிறிய சால். அவை உட்புறக் கண்ணாடியில் வழிந்து இறங்கும் ஆவி நீருக்கு. விட்டத்தின் அடியில் இரும்புக் கம்பி ஒன்றை முறுக்கி இழுத்து, நடுப்பகுதி லேசாக மேலெழும்பும்படி செய்ததனால், மூன்று சால்களின் ஜலமும் தானாகவே இரு முனைகளுக்கும் ஓடிற்று. முனையில் பெரிய வாய்க்கால். வாய்க்காலின் கீழே உள்ளீடற்ற இரும்புத் தூண்கள். கட்டடத்தைத் தாங்கிய தூண்களே மழையையும் தரைக்கு இறக்கின. தூண், விட்டம், குழாய் என்று மூன்று வேலைக்கு மூன்று சாமான் வாங்கும் நமக்கு அந்தச் சிக்கனம் கொஞ்சம் பொறாமையை உண்டாக்குகிறது.

1850 ஜூன் மாதத்தில், ரயில்வே கம்பெனியின் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது மையொற்றுத் தாளில் அந்த மாளிகைக்காக அவர் கிறுக்கிய படம் இன்றும் லண்டன் காட்சிசாலையில் இருக்கிறது. அடுத்த வருஷம் மே மாதம் 1ஆம் தேதி மகாராணி விக்டோரியா பொருட்காட்சியைத் திறந்துவைத்தார். மாளிகையின் நீளம் 1,850 அடிக்குக் கொஞ்சம் முன்பின். கண்ணாடி ஏறக்குறைய 9 லட்சம் சதுர அடி. பலகைகள் 3 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, ஒவ்வொன்றும் 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும். மரச் சால்கள் இருபது மைலுக்கும் அதிகம். சால்களைக் கையால் செதுக்கினால் காலத்தில் முடியாதென்று யந்திரம் வைத்து வெட்டினார்கள். கண்ணாடி பதிக்கிறவர்கள் கூரையின் மேல் அந்தச் சால்களையே தண்டவாளமாக வைத்து, கூடாரம் போட்ட சின்ன வண்டிகளில் உட்கார்ந்தபடியே, பதித்துக்கொண்டும் பின்னுக்கு உருட்டிக்கொண்டும் சென்றார்கள். மழை பெய்தாலும் வேலை நிற்கவில்லை. தண்ணீர் ஓடவேண்டிய பள்ளமே அதைக் கட்டுகிறவர்களுக்குப் பாதையாகவும் இருந்ததை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

இத்தனை யுக்தி இருந்தும் ஸ்படிக மாளிகை ஒழுகிற்று. அதைச் சொல்வதில் பாக்ஸ்டனுக்கு அவமரியாதை ஒன்றுமில்லை. சால் குற்றமற்றது, சாலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஆளிவிதை எண்ணெயும் சீமைச் சுண்ணாம்புப் பொடியும் சேர்த்துப் பிசைந்த பட்டியை நம்பியதுதான் பிசகு. மூன்று லட்சம் பலகைகளின் ஓரங்களிலும் பட்டி. பட்டி காய்ந்தால் சுருங்கும், மரம் காய்ந்தால் விலகும், வெயிலில் கண்ணாடி நகரும். திருத்தமான கை நூறு ஓரத்தில் தொண்ணூற்றொன்பதைப் பழுதில்லாமல் பூசினாலும், மிச்சமுள்ள ஒன்று போதும், அடியில் நிற்கிறவருடைய தொப்பி நனைய. கட்டடத்தைப் பிரித்து சிடன்ஹாம் மேட்டில் இன்னும் பெரிதாக எழுப்பி 1854இல் திறந்தார்கள். 1936 நவம்பர் 30ஆம் தேதி இரவு அது தீக்கிரையாயிற்று. எண்பது வருஷத்துக்கு மேல் மழையோடு போராடிய கட்டடம் நெருப்பில் முடிந்தது.

அதற்கு முன்பே ரயில் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் கண்ணாடி போடுகிறவர்கள் பட்டியைக் கைவிட்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த புதிய சட்டங்களில், இரும்புச் சட்டத்தின் இரு புறமும் மெல்லிய ஈயச் சிறகுகள் இருக்கும். கண்ணாடியைச் சும்மா மேலே வைத்து, அந்தச் சிறகுகளை விரலால் அதன் மேல் மடக்கிவிட்டால் தீர்ந்தது. கண்ணாடி அதன்பாட்டில் நகரலாம். தப்பி இறங்கும் ஜலத்தைச் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் சால் வாங்கிக்கொள்ளும். போன ஈயம் மறுபடி வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ரம்பப் பற்களைப் போன்ற அவற்றின் கூரையைக் கண்டிருப்பார்கள். நேர் வெயில் விழாமல் ஆகாய வெளிச்சம் மட்டும் இறங்கவேண்டும் என்பதற்காகப் பல்லின் செங்குத்தான முகத்தை வடக்கே பார்க்க வைத்து, அதில் கண்ணாடி பதிப்பார்கள். ஒவ்வொரு பல்லின் அடியிலும் ஒரு பள்ளம். மழைக்காலத்துக்கு முன்பு அந்தப் பள்ளங்களில் பஞ்சுத் தூசியையும் இலைச் சருகையும் வாரி எடுக்க மறந்த ஆலையில், யந்திரத்துக்குப் பக்கத்தில் வாளி வைக்கவேண்டியிருக்கும்.

நமக்கு நெருங்கிய கதை மங்களூரில் நடந்தது. ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1834இல் அங்கே இறங்கினார்கள். தங்கள் மதத்தில் சேர்ந்து ஜாதியையும் தொழிலையும் இழந்து நின்றவர்களுக்குப் பிழைப்பு வழி காட்டவேண்டிய நிர்ப்பந்தத்தில் நெசவு முதலிய தொழில்களை நடத்திப் பார்த்தார்கள். அவர்களில் கியார்க் பிளெப்ஸ்ட் என்பவர் 1865இல் நேத்ராவதி ஆற்றங்கரைக் களிமண்ணைக்கொண்டு ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றை ஆரம்பித்தார். நம் ஜனங்கள் சீமை ஓடு என்று அழைத்த அந்த ஓட்டின் மாதிரி, பிரான்ஸ் தேசத்து அல்சேஸ் பகுதியில் ஜிலார்டோனி சகோதரர்கள் 1841இல் உரிமை பதிவு செய்துகொண்ட அச்சைத் தழுவியது.

குயவர் சக்கரத்தில் வனைந்து பிளந்த பழைய நாட்டு ஓட்டைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் இரண்டு மூன்று அடுக்காகப் பரப்பவேண்டும். குரங்கு ஓடினால் கலையும். வருஷா வருஷம் பிரித்து அடுக்கவேண்டும். சீமை ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அதன் ஒரு பக்க விளிம்பில் மேல்நோக்கி ஒரு சால். எதிர்ப் பக்க விளிம்பில் கீழ்நோக்கி ஒரு மடிப்பு. அடுத்த ஓட்டின் மடிப்பு இதன் சாலுக்குள் கவிழ்ந்து உட்காருகிறது. தலைப்பிலும் அப்படியே ஒரு வரம்பு. அடிப்புறத்தில் ரீப்பரைப் பற்றிக்கொள்ளும் பல். இடுக்கில் புகுந்த தண்ணீர் சாலில் விழுந்து, சாலின் கீழ் நுனியில் வெளியேறி, அடுத்த வரிசை ஓட்டின் முதுகில் இறங்கிவிடும். பாக்ஸ்டன் இருபது மைல் மரத்தில் வெட்டியதையும், ஈய வேலைக்காரர் தகட்டில் மடித்ததையும், இங்கே ஆறு ராத்தல்கூட எடையில்லாத ஒரு மண் துண்டில் அச்சழுத்தி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஓடும் தன் ஓரத் தகட்டைத் தன்னோடு கொண்டுவருகிறது.

அதே அச்சில் கண்ணாடியை வார்க்க வேண்டும் என்று முதலில் நினைத்தவர் யாராயிருந்தாலும் அவரை வணங்கத் தோன்றுகிறது. கண்ணாடி ஓட்டுக்குச் சட்டம் வேண்டாம், சாந்து வேண்டாம், தகடு வேண்டாம். மண் ஓடு ஒன்றை உருவிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினால், கூரைக்குத் தன் நடுவில் ஒரு துவாரம் விழுந்தது என்ற செய்தியே தெரியாது. எழும்பி நிற்கும் விளிம்பு இல்லாததால் தண்ணீருக்குத் தடையுமில்லை. வெளிச்சம் குறைவு என்று அந்தக் கொத்தனார் குறை சொன்னது வாஸ்தவம். வெளிச்சம் இன்னும் வேண்டுமென்றால் இரண்டு ஓடு, மூன்று ஓடு என்று தள்ளித் தள்ளிப் போட்டிருக்கலாம்; அது அவருக்குத் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

ஐரோப்பாவில் இதே முடிவுக்கு வேறொரு வழியாக வந்து சேர்ந்தவர் டென்மார்க் தேசத்து எஞ்சினியர் வில்லும் கான் ராஸ்முசன். ஜெர்மானியர் பிடியில் அந்தத் தேசம் இருந்த 1941இல் அவர் கம்பெனி தொடங்கி, கூரைக்கடியில் வீணாகக் கிடந்த பரண்களை மனிதர் வசிக்கும் அறைகளாக்கும் பொருட்டு, திறந்து மூடும் கூரைச் சாளரங்களைச் செய்யலானார். காற்றையும் வெளிச்சத்தையும் குறிக்கும் இரண்டு சொற்களின் துண்டுகளை ஒட்டி அதற்கு 'வேலக்ஸ்' என்று பெயரிட்டார். ஜன்னலைத் தொழிற்சாலையில் செய்து அனுப்பிவிட்டு, ஓரத்தை ஊர் ஈய வேலைக்காரர் பொறுப்பில் விட்டுவிடும் பழைய முறை அங்கே போயிற்று. வளைந்த ஓட்டுக்கு ஒரு தகடு, தட்டையான கல்லோட்டுக்கு ஒரு தகடு என்று கூரையின் ஜாதிக்கேற்ப அளவெடுத்து மடித்த ஓரத் தகடுகளும் ஜன்னலோடு விலைக்கு வந்துவிட்டன. பெட்டியைப் பிரித்தால், எந்தத் துண்டு முதலில், எந்தத் துண்டு பிறகு என்று படம் போட்டிருக்கும்: கீழ்த் துண்டு முதலில், பக்கத் துண்டுகள் அடுத்து, தலைத் துண்டு கடைசியில்.

எங்கள் அடுக்களைக் கூரையில் செருகிய மண்ணெண்ணெய் டின் பதினோரு வருஷம் தாங்கிற்று. அது துருவேறிச் சல்லடையானபோது அந்தக் கிழவர் உயிரோடு இல்லை. அவருடைய மகன் வந்து, கண்ணாடிப் பலகை, மரச்சட்டம், டின் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, சந்தைப்பேட்டை ஓட்டுக் கடையிலிருந்து ஒரு கண்ணாடி ஓட்டை வாங்கி வந்து, அரைமணி நேரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டான். பழைய இடத்தில் ரீப்பர் உளுத்திருந்ததால் இரண்டு வரிசை மேலே தள்ளிப் போட்டிருந்தான். மறுநாள் காலையில் வெளிச்சம் அம்மியைத் தொடாமல் ஒரு முழம் விலகி, தண்ணீர்த் தவலையின் மேல் விழுந்தது. பாட்டி சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தோட்டத்தில் வேலையாயிருந்த ஆட்கள் இருவரைக் கூப்பிட்டு, அம்மியைத் தவலை இருந்த இடத்துக்கு நகர்த்தச் சொன்னாள்.